நாடிக்கு நீண்ட கை

கல்யாணம் முடிந்து தூத்துக்குடி வீட்டு வாசலில் ஆரத்தி சுற்றி என்னை உள்ளே அழைத்தபோது, நின்றிருந்த பெண்களை விலக்கிக்கொண்டு ஒரு கை என் முகத்தை நோக்கி நீண்டு வந்தது. உப்பில் ஊறி வெளுத்து, விரல் நுனி சுருங்கிப்போன கை. என் வீட்டுக்காரரின் அக்காவின் கை அது. முகமெல்லாம் சிரிப்பாக, கண் கலங்கி, என் நாடியைப் பிடித்துக் கொஞ்ச வந்தாள். நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கை காதில் போய் நின்றது. ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டு, அதற்காகவே வந்தவளைப் போல என் கம்மலைத் தொட்டு, “கம்மல் நல்லாருக்குளா, ஆத்தூர்லயா எடுத்தீய?” என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்காரரின் அக்கா எனக்கு மைனி முறை. மைனிக்கும் எனக்கும் நடந்த முதல் பேச்சு இதுதான்.

எங்கள் பக்கம் மோவாயை நாடி என்போம். ஒருத்தர் மேல் பிரியம் பொங்கிவிட்டால் நாடியைப் பிடித்து, பிடித்த விரல்களைத் தங்கள் உதட்டில் வைத்து முத்திக்கொள்வார்கள். பரீட்சையில் பாஸானால் நாடி, சடங்கானால் நாடி, வெளியூரிலிருந்து வந்தால் நாடி, ஒன்றுமே இல்லாமல் தெருவில் எதிர்ப்பட்டாலும் நாடி. ஒரு பெண்பிள்ளையின் நாடி அவளுக்கு மட்டும் சொந்தமில்லை, ஊருக்கே பொது. மற்றவர்களுக்கு இதனால் ஒரு கஷ்டமும் இல்லை. எனக்கு அங்கேதான் தாடி முளைத்தது.

தாடி என்று எழுதும்போது இப்போது சிரிப்பு வருகிறது. இந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பாதி ஆயுள் ஆகியிருக்கிறது. பிளஸ் டூ படிக்கும்போது நாலைந்து முடியாகத் தொடங்கியது. பூனைமுடி என்றார்கள் வீட்டில், மஞ்சள் பூசினால் போய்விடும் என்றார்கள். பூசினேன், மஞ்சள் நிறத்தில் முடி வளர்ந்தது. காலேஜ் முடிக்கிற நேரத்தில் நாடி முழுக்கவும் தாடை ஓரத்திலும் கருகருவென்று, கம்பி மாதிரி. சினைப்பையில் நீர்க்கட்டி, ஹார்மோன் கோளாறு, நிறையப் பெண்களுக்கு இருப்பதுதான் என்று பெண் டாக்டர் சொல்லி மாத்திரை கொடுத்தார். மாத்திரையில் மற்றதெல்லாம் சரியானது, வந்த முடி மட்டும் போக மனமில்லாமல் இருந்துகொண்டது. நூல் போட்டு எடுத்தேன், மெழுகு போட்டு இழுத்தேன், குறடு வைத்துப் பிடுங்கினேன். பிடுங்கப் பிடுங்க உள்ளேயே சுருண்டு கட்டியாகி, கறுப்புத் தழும்பு விழுந்தது. கடைசியில் அப்பாவின் ரேஸரைப் போலவே ஒன்று வாங்கி, பெட்டியில் பாவாடைகளுக்கு நடுவில் ஒளித்து வைத்துக்கொண்டேன். தினமும் விடிவதற்கு முன்னால் எழுந்து குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு ஷேவ் செய்வேன். சாயங்காலம் ஆனால் விரலுக்கு முள் தட்டும். எந்த நேரத்தில் யாருடைய கை வரும் என்ற பயம் நாள் முழுக்க இருக்கும்.

தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். பெரியவர்களைக் கண்டதும் கை நீளுவதற்குள் பொத்தென்று காலில் விழுந்துவிடுவேன். குனிந்தவள் நாடியை யாரும் பிடிக்க முடியாது, தலையில்தான் கை வைப்பார்கள். வெற்றிலைக் கொடிக்கால் சூழ்ந்த என் பிறந்த ஊர் ஆத்தூரில் அடக்கமான பிள்ளை என்று எனக்குப் பெரிய பெயர். அந்தப் பெயர் கேட்டுத்தான் முதல் மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தார்கள். நான் விழுந்து எழுந்தபோது மாப்பிள்ளையின் பெரியம்மா விடாமல் நாடியைப் பிடித்துவிட்டார். பிடித்த விரல்கள் அப்படியே நின்றன. என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு விரலை உதட்டுக்குக் கொண்டுபோகாமல் சேலையில் துடைத்துக்கொண்டார். முன்பே பொருந்தியிருந்த ஜாதகம் அடுத்த வாரம் பொருந்தாமல் போனது. அந்தச் சேலையில் துடைத்த விரல்தான் அதற்குப் பின் என்னை நோக்கி வந்த எல்லாக் கைகளிலும் எனக்குத் தெரிந்தது. மைனி கை வந்தபோதும் அதுதான் தெரிந்தது.

வீட்டுக்காரரிடம் மறைக்க முடியவில்லை, மறைக்கவும் கூடாது என்று நினைத்தேன். கல்யாணமான சில நாட்களிலேயே அழுதுகொண்டே சொன்னேன். துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கிற மனிதர். எதையும் சரக்கு வந்ததா போனதா என்று பார்க்கிற குணம். “இதுக்கா இப்படி அழுத?” என்று கேட்டுவிட்டுத் தன் ரேஸருக்கு வாங்கும்போது எனக்கும் பிளேடு வாங்கி வரத் தொடங்கினார். ஒன்றே ஒன்று மட்டும் அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். மைனிக்குத் தெரியக் கூடாது.

மைனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய வீட்டுக்காரர் தோணி என்கிற மரக்கப்பலில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போகிறவர். வீட்டில் இருப்பதைவிடக் கடலில் இருப்பதே அதிகம். பிள்ளைகள் இல்லை. அதனால் மைனி பிறந்த வீட்டிலேயே தங்கி, அப்பா நடத்திய கருவாட்டுக் கடையைத் தானே எடுத்து நடத்தினாள். மார்க்கெட்டில் அவளுக்கு நல்ல மரியாதை. நெத்திலி, வாளை, சீலா, சாளை என்று குவியல் குவியலாகப் பரப்பி நடுவில் உட்கார்ந்திருப்பாள். மீனை ஒடித்துப் பார்த்தே வெயிலில் காய்ந்தது போதுமா, உப்பு கூடிவிட்டதா என்று சொல்லிவிடுவாள். வியாபாரத்தில் கறார், வாய் கொஞ்சம் நீளம். ஆனால் பிரியம் வைத்தால் கையால்தான் வைப்பாள். கடைக்கு வருகிற பிள்ளைகளின் நாடி, பக்கத்துக் கடை அண்ணாச்சியின் பேத்தி நாடி, வீட்டுப் பூனையின் நாடி எல்லாம் அவள் கையில் பட்டுக்கொண்டே இருக்கும். என்னிடம் மட்டும் அந்தக் கை வந்து வந்து பாதியில் நின்றது.

நான் விதவிதமாகத் தப்பித்தேன். தும்முவேன், அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஓடுவேன், புடவை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே பேசுவேன். அவள் ஒன்றும் கேட்டதில்லை. ஆனால் கொஞ்சக் காலத்தில் பின்பக்கக் குழாயடியில் ஒரு சோப்பும், அறுத்த எலுமிச்சம்பழமும் எப்போதும் இருக்கத் தொடங்கின. கடையிலிருந்து வந்ததும் மைனி அங்கேதான் முதலில் போவாள். சோப்புப் போட்டு, எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து, பிறகு தேங்காயெண்ணெய் தடவி, மறுபடியும் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவாள். வெடித்த விரலில் எலுமிச்சை எரியும் அல்லவா, பல்லைக் கடித்துக்கொண்டு தேய்ப்பாள். என்ன சுத்தக்காரி இந்த மனுஷி என்று நான் வியந்திருக்கிறேன். வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைப்பதும் மெல்ல மெல்ல நின்றது. எனக்குக் கருவாட்டுக் குழம்பு உயிர். ஆத்தூரில் பழைய சோற்றுக்கு வாளைக் கருவாட்டைச் சுட்டு வைத்துக்கொண்டு வளர்ந்தவள் நான். கருவாட்டுக் கடைக்காரி வீட்டில் வாக்கப்பட்டும் கருவாடு கண்ணில் படவில்லையே என்று உள்ளுக்குள் குறை இருந்தது. புதுப்பெண் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்பது அழகா என்று சும்மா இருந்துவிட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் பாளையங்கோட்டையில் ஒரு தோல் டாக்டரம்மா எலக்ட்ராலிசிஸ் செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். அதற்கு முன்பே லேசர் பார்த்திருந்தேன். உதட்டுக்கு மேலே குறைந்தது, நாடியில் மசியவில்லை. டாக்டரம்மா கண்ணாடி விளக்கை இழுத்து வைத்து என் நாடியை நிதானமாகப் பார்த்தார். நான் அழவில்லை, அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒவ்வொரு முடியாக, அதன் வேரையே கொன்றுவிடலாம் என்றார். செத்த வேர் திரும்ப முளைக்காது. ஆனால் எல்லா முடியும் ஒரே நேரத்தில் வெளியே இருப்பதில்லை, தூங்குகிற வேர்கள் பிறகு எழும், அதனால் பல தடவை வர வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். பிறகு அவர் சொன்னதைக் கேட்டுத்தான் உட்கார்ந்துவிட்டேன். பிடுங்கவே கூடாது, நூல் போடக் கூடாது, மெழுகு போடக் கூடாது. வருவதற்குச் சில நாள் முன்பிருந்தே ஷேவும் செய்யக் கூடாது. முடி வெளியே தெரிகிற அளவு வளர்ந்திருந்தால்தான் அதன் வழியே ஊசியை இறக்க முடியும். அதாவது தாடி போக வேண்டுமென்றால் நான் தாடி வளர்க்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் நான். முன் பெஞ்சுப் பிள்ளைகள் என் கம்மலில் எத்தனை கல் இருக்கிறது என்று எண்ணுகிறவர்கள். அவர்கள் முன்னால் எப்படி நிற்பது? வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டேன். அதற்கப்புறம் கொரோனா வந்தது. ஊரெல்லாம் முகக்கவசம் போட்டது. எத்தனையோ பேருக்கு அது கெட்ட காலம், அதை நான் மறக்கவில்லை. ஆனால் ஊர் அடைப்பு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, ஸ்டாஃப் ரூமில் எல்லாருடைய நாடியும் துணிக்குள் இருந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று சொல்வது. யாரும் யாரையும் தொடக் கூடாது என்று அரசாங்கமே சொல்கிறது. அந்த வாரமே டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன்.

சிகிச்சை என்றால் பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. ஈரத் துணி சுற்றிய ஒரு உலோகக் கம்பியை நம் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்வார். முடியைவிட மெல்லிய ஊசி ஒன்றை முடியின் ஓரமாகவே வேர் வரைக்கும் நழுவவிடுவார். ஊசி இறங்குவது தெரியவே தெரியாது. காலடியில் உள்ள கட்டையை மிதித்ததும் சுரீரென்று ஒரு சூடு, கட்டெறும்பு கடித்து விடாமல் இருப்பதுபோல. கொஞ்ச நேரத்தில் ஊசியை எடுத்துவிட்டுச் சின்னக் குறடால் தொட்டால் முடி இழுக்காமலே கையோடு வந்துவிடும். பிறகு அடுத்தது. கண்ணில் தண்ணீர் தன்னால் வழியும். முதல் நாள் படுத்துக்கொண்டே, வேர் எப்படிச் சாகிறது என்று கேட்டேன். உடம்பிலுள்ள உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயும்போது ஊசி முனையில் காரம் உண்டாகிறது, அது வேரைக் கரைத்துவிடுகிறது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறுமுகநேரிப் பக்கம் உப்பிலிருந்து காஸ்டிக் சோடா என்ற காரத்தை எடுப்பதை உதாரணம் காட்டி, வருஷா வருஷம் கரும்பலகையில் படம் வரைந்து மின்னாற்பகுப்பு நடத்துகிறவள் நான். அந்தப் பாடம் என் நாடிக்குள்ளேயே நடக்கும் என்று யார் கண்டது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். பாடம் நடத்தும்போது இவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது என்றேன்.

முடித்து வந்ததும் நாடி சிவந்து தடித்திருக்கும். பிறகு ஊசி பட்ட இடமெல்லாம் பொட்டுப் பொட்டாகப் பொருக்குத் தட்டும், அது தானாக உதிர வேண்டும், கை படக் கூடாது. அதற்குள் அடுத்த தடவைக்காக முடி வளர்க்கிற நாட்கள் வந்துவிடும். ஆக முள் அல்லது பொருக்கு, இரண்டில் ஒன்று எப்போதும் முகத்தில். வீட்டுக்குள்ளும் சாப்பிடவும் தூங்கவும் மட்டும்தான் முகக்கவசத்தைக் கழற்றினேன். மைனி சாப்பிடுகிற நேரத்தில் நான் சாப்பிட மாட்டேன். வீட்டில் மூவருமே வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் இது யாருக்கும் உறுத்தவில்லை என்று நினைத்தேன்.

ஊர் மெல்ல மெல்ல முகக்கவசத்தைக் கழற்றியது. கடைக்காரர்கள் கழற்றினார்கள், பஸ்ஸில் கழற்றினார்கள், என் பிள்ளைகள் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டார்கள். நான் கழற்றவில்லை. பள்ளியில் எனக்குக் கொரோனா டீச்சர் என்றே பெயர் விழுந்தது. விழட்டும் என்றிருந்தேன். பாதி நாடி சுத்தமாகிவிட்டது, இந்த நேரத்தில் விட்டுவிட முடியாது. வீட்டில் மைனி மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கடையிலிருந்து தாமதமாக வருவாள், வந்ததும் குழாயடி, பிறகு தன் அறை. எனக்கு உடம்புக்கு ஏதோ வியாதி என்று பயப்படுகிறாளோ என்று நினைத்தேன். அவளிடம் போய் உட்கார்ந்து பேசலாம் என்று தோன்றும், உடனே நாடி ஞாபகம் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைனி கடைக்குப் போன பிறகு வீட்டுக்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றார். அவர் முகம் சரியில்லை. அக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துவிட்டாள், அட்வான்ஸும் கொடுத்துவிட்டாள், ஒன்றாம் தேதி போகிறாள் என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் பிறந்த வீட்டைவிட்டு அவள் எதற்குப் போக வேண்டும் என்று கேட்டேன்.  அக்கா தன்னிடம் சொன்னதை அவர் அப்படியே சொன்னார்:

“அவளுக்கு என் வாடை ஒத்துக்கிடல, ஏலே. வந்த அன்னைக்கே தெரிஞ்சுட்டு. வீட்டுக்குள்ள மூக்கப் பொத்திக்கிட்டு எத்தன நாளு இருப்பா பாவம். நீ அவள ஒரு வார்த்த சொல்லக் கூடாது. வெத்தல மணத்துல வளந்த புள்ள.”

எலுமிச்சம்பழம் எதற்கு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. குழம்பு நின்றது எதற்கு என்று தெரிந்தது. வாசலில் கம்மலைத் தொட்ட கையை ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். எனக்கு அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. யார் மேலும் தப்பில்லை, அதுதான் கொடுமை. அவள் என் மேல் வைத்த பிரியத்தில் வீட்டைவிட்டுப் போகிறாள். நான் அவளுக்குப் பயந்து முகத்தை மூடிக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சத்தியம் செய்துகொடுத்த பாவத்துக்கு இவர் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். அக்காவிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நானே போகிறேன் என்றேன். சேலை மாற்றினேன். அவளும் விரலைத் துடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற எண்ணம் அப்போதும் இருந்தது. துடைத்தால் துடைக்கட்டும், ஆனால் தன் கைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு அவள் வீட்டைவிட்டுப் போகக் கூடாது. அது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது.

மத்தியான நேரம், மார்க்கெட்டில் கூட்டம் ஓய்ந்திருந்தது. மைனி நெத்திலிக் குவியலில் கையை விட்டுத் தலை தனி, உடல் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். “இங்கன எதுக்குளா வந்த? வாட தாங்க மாட்டியே” என்று ஸ்டூலை எடுத்துக் காற்று வருகிற பக்கமாகப் போட்டாள். நான் உட்காரவில்லை. கடைக்கு உள்பக்கம், சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று கூப்பிட்டேன். வந்தாள். மறுநாள் எனக்குச் சிகிச்சை. நாடியில் முடி நன்றாகவே வளர்ந்திருந்தது. முகக்கவசத்தைக் கழற்றினேன்.

“மைனி, கையக் கொண்டாங்க.”

“கை நாறுதுளா. கழுவிட்டு வாரேன்.”

“கழுவாண்டாம்.”

நானே அந்தக் கையைப் பிடித்து என் நாடியில் வைத்தேன். உப்பும் செதிலும் ஒட்டிய விரல்கள். அவை அசையவில்லை. மைனி என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு விரல்களை மெதுவாக நகர்த்தித் தடவினாள், தாடை ஓரம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். “என்னளா இது” என்றாள். முடி, எனக்குத் தாடி முளைக்கும், சின்ன வயதிலிருந்தே முளைக்கும், யாரும் தொட்டால் தெரிந்துவிடுமே என்றுதான் இத்தனை நாளும் ஓடினேன், ஊசி வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவள் துடைத்துக்கொள்வாளா என்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மைனி கையைத் தன் மூக்குக்குக் கொண்டுபோனாள்.

“அப்ப என் கை இல்லையா?”

“ஒங்க கை இல்ல மைனி.”

“தினம் படுக்கப் போகும்போது என் கைய நானே மோந்து பாத்துக்கிட்டுல்லாளா படுத்தேன்” என்றாள்.

அப்படியே சாக்கு மூட்டையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அழுதோம். முதலில் தேறியவள் அவள்தான். தேறியதும் திட்டத் தொடங்கினாள். கூறு இருக்கிறதா உனக்கு, படித்தவள்தானே, ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாய், எலுமிச்சம்பழத்துக்குக் கொடுத்த காசுக்கு ஒரு தோட்டமே வாங்கியிருக்கலாம் என்று அடுக்கினாள். எனக்கு அந்தத் திட்டு குளிர்ந்த தண்ணீர் விட்டுக் குளித்ததுபோல் இருந்தது. பிறகு அந்த ஊசி வைத்தியத்தை விவரமாகச் சொல்லச் சொன்னாள். உப்புத் தண்ணீர், கரண்ட், காரம், வேர் கரைவது என்று வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டு, “அப்ப ஒன் தாடியக் கருவாடு போடுதாவன்னு சொல்லு” என்றாள். பக்கத்துக் கடை அண்ணாச்சி எட்டிப் பார்க்கிற அளவுக்கு நாங்கள் சிரித்தோம்.

மறுநாள் கடையை அடைத்துவிட்டு என்னோடு பாளையங்கோட்டைக்கு வந்தாள். வீட்டுக்காரரை வேலைக்கு அனுப்பிவிட்டாள், பொம்பிளை காரியத்தில் அவனுக்கு என்ன ஜோலி என்று. டாக்டரம்மாவுக்கு ஒரு பொட்டலம் மாசிக் கருவாடு கொண்டுவந்திருந்தாள். டாக்டரம்மா சைவம் என்று பிறகுதான் தெரிந்தது, ஆனாலும் அவர் வாங்கிக்கொண்டார். என் ஒரு கையில் கம்பி, இன்னொரு கையை மைனி பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு முடிக்கும் நான் சுருங்கும்போது அவளும் சுருங்கினாள். பாதியில் டாக்டரம்மாவிடம், இனி முளைக்கவே முளைக்காதா என்று கேட்டாள். இந்த வேர் முளைக்காது, ஆனால் ஹார்மோன் கோளாறு இருக்கிறவரை வேறு இடத்தில் புதிதாக ஒன்றிரண்டு வரலாம், வந்தால் வாருங்கள் என்று அவர் மறைக்காமல் சொன்னார். எனக்கு மனது கொஞ்சம் சோர்ந்தது. மைனி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “வந்தா வாரோம்” என்றாள். அறைக்குக் கொடுத்த அட்வான்ஸை வீட்டுக்காரரை அனுப்பித் திருப்பி வாங்கினோம். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு வாசம் தெரு முனை வரைக்கும் அடித்தது. நான் மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டபோது, ஆத்தூர்க்காரி இப்படித் தின்பாள் என்று எனக்குத் தெரியாமல் போச்சே என்று மைனி சொல்லிக்கொண்டே இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.

இப்போது சிகிச்சை முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். எப்போதாவது ஒரு முடி தலை காட்டினால் நாங்கள் இருவரும் பஸ் ஏறிப் போய்வருகிறோம். ரேஸர் பெட்டியில் இல்லை. விடிந்த பிறகு எழுந்திருக்கிறேன். பஸ்ஸில் வெயில் படுகிற ஜன்னலோரம் உட்காருகிறேன், பக்கத்தில் இருப்பவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று கவனிப்பதில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு நேராக முகத்தைக் காட்டி நின்று பாடம் நடத்துகிறேன். கேட்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றும். பல வருஷம் முகத்தைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தவளுக்குத்தான் அந்தப் பாரம் இறங்கிய சுகம் தெரியும். மின்னாற்பகுப்புப் பாடம் வரும்போது, உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகளிடம் கேட்கிறேன். அவர்கள் பாடப்புத்தகத்தில் இருப்பதைச் சொல்கிறார்கள். சரியான விடைதான்.

போன வாரம் ஒருநாள் காலையில் கடைக்குச் சரக்கு வந்திருக்கிறது என்று மைனி விடிகாலையிலேயே போய்விட்டாள். நான் பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில், மறந்துவிட்ட போனை எடுக்க அவசரமாக வந்தவள், வாசலில் என்னைப் பார்த்தாள். நான் அன்று புதுப்புடவை கட்டியிருந்தேன். மைனி குழாயடிக்குப் போகவில்லை, கையை முந்தானையில்கூடத் துடைக்கவில்லை. வந்த கையோடு நாடியை அழுந்தப் பிடித்து, விரலை உதட்டில் வைத்து முத்திவிட்டு, போனை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து நாற்காலி டீச்சர் ஒருமுறை மூக்கை உறிஞ்சினார், பிறகு இன்னொருமுறை. நல்ல மனசுக்காரர். யார் காதிலும் விழாதபடி என் பக்கம் சாய்ந்து, நாடிகிட்ட ஏதோ கருவாட்டு வாடை அடிக்கிறது டீச்சர் என்று சொல்லி, பையிலிருந்து ஈரத் துடைப்பான் ஒன்றை உருவி நீட்டினார்.

“இருக்கட்டும் டீச்சர்” என்றேன்.